ஒரு ரேசருக்கு மூன்று வயது

பழைய ஜில்லெட் ரேசர் ஒன்றில் 'நவம்பர் 15, 1904' என்று பொறித்திருந்தால், அது 1904இல் செய்த ரேசர் என்று முடிவு கட்டிவிடலாமா? பழம்பொருள் சந்தையில் விற்பவர் அப்படித்தான் சொல்வார். வாங்குபவருக்கும் அதை நம்பத்தான் ஆசை. ஆனால் அந்த நாள், கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த நாள். காப்புரிமை எண் 775,134. அதன் ஆயுள் 17 ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் ஆலையிலிருந்து வெளிவந்த ரேசர்கள் அதே நாளைத்தான் சுமந்து வந்தன. விற்பனைக்கு வந்த முதல் ஆண்டான 1903இல் போனவை 51 ரேசர்கள். மறு ஆண்டு 90 ஆயிரத்தைத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கென்றே சுமார் 35 இலட்சம் தேவைப்பட்டன. ஆகவே 1904 என்று பொறித்த ஒன்று இன்று கையில் கிடைத்தால், அது 1904இல் பிறந்திருக்கும் வாய்ப்பைவிட அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்திருக்கும் வாய்ப்பே அதிகம்.

பொறித்த ஆண்டு 'இதற்கு முன் அல்ல' என்ற எல்லையை மட்டும் தருகிறது. அதற்குப் பின் எப்போது என்பதை வேறு தடயங்களிலிருந்துதான் பெற வேண்டும். அதிலும் ஒரு ரேசருக்கு மூன்று வயது உண்டு: ஆலையில் உருவான காலம், கடல் தாண்டி ஓர் ஊருக்கு வந்து சேர்ந்த காலம், ஒருவர் கன்னத்தில் புழங்கிய காலம். சேகரிப்பாளர்களின் அட்டவணைகள் முதல் வயதோடு நின்றுவிடும். மலேசியாவின் செமோர் போன்ற தோட்டப்புற ஊர்களின் வரலாற்றுக்கு வேண்டியவை மற்ற இரண்டு.

ஏன் செமோர்

செமோர், பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் போகும் வழியில், இரயில் பாதையை ஒட்டி இருக்கும் சிற்றூர். ஒரு பக்கம் ஈயம், ஒரு பக்கம் இரப்பர், நடுவே காந்தான் சுண்ணாம்புக் குன்றுகள். சுற்றிலும் இருந்த பால்மரக் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டது. தோட்டம் கைமாறும்போதும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் காலியாகும்போதும் வீட்டுப் பொருள்கள் இடம்பெயர்கின்றன. பித்தளைச் சொம்பும் அரிக்கேன் விளக்கும் போன வழியில்தான் தாத்தாவின் சவரப் பெட்டியும் போகும். ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைக்கு அது வந்து சேரும்போது, அதை வைத்திருந்தவர் யார், எந்தத் தோட்டம் என்ற செய்தி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. பொருளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதே கேள்வி.

பிளேடு காட்டும் படிகள்

எழுத்தைத் தேடுவதற்கு முன் அமைப்பைப் பார்க்க வேண்டும். எழுத்து தேய்ந்து போகலாம், அமைப்பு மறையாது.

இருமுனை பிளேடு ரேசர்களில் மூத்தது மூன்று துண்டு வகை: மேல்தகடு, அடித்தகடு, கைப்பிடி. மேல்தகட்டின் அடியில் உள்ள சிறு முளைகள் பிளேடின் துளைகளில் நுழைந்து நிற்கும். இது முதல் தலைமுறை. காப்புரிமை முடியும் தறுவாயில், 1921இல், ஜில்லெட் நிறுவனம் அடித்தகட்டைத் திருத்தி 'நியூ இம்ப்ரூவ்டு' என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. பழைய வடிவத்தையும் கைவிடாமல் மலிவு விலையில் விற்றது. எனவே பழைய வடிவம் என்பதாலேயே ஒரு ரேசர் 1921க்கு முந்தியதாகிவிடாது.

அடுத்த பெரிய படி 1930. துளைகளுக்குப் பதில் நடுவே நீண்ட பிளவு வைத்த பிளேடு அப்போது வந்தது. மூலைகளில் சிறு வெட்டும் சேர்ந்தது. பழைய ரேசர் கீழே விழுந்தால் மேல்தகட்டின் மூலை நசுங்கும். நசுங்கிய மூலை பிளேடை அழுத்தி ஒடிக்கும். மூலை வெட்டு அதற்கான மருந்து. அடித்தகட்டின் நடுவே நீண்ட மேடு இருந்தால் அந்த ரேசர் 1930க்கு முந்தியதல்ல. இன்று கடையில் விற்கும் இருமுனை பிளேடில் துளை வடிவமும் பிளவும் ஒன்றாகவே இருப்பதால் அது இரு தலைமுறைக்கும் பொருந்தும். அதனால் 'இன்றைய பிளேடு பொருந்துகிறது' என்பது வயதுக்குச் சான்றாகாது.

கைப்பிடியின் அடியைத் திருகினால் தலையில் இரு கதவுகள் திறக்கும் வகை, ஜில்லெட்டில் 1934இல் 'அரிஸ்டோகிராட்' என்ற பெயரில் தொடங்கியது. 1938இல் வந்தது 'டெக்'. பழைய ரேசர்களின் விளிம்பில் இருந்த சீப்புப் பற்கள் போய், நேரான விளிம்பு கொண்ட அடித்தகடு அதற்கு. எளிமையும் மலிவும் சேர்ந்ததால் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி உற்பத்தியில் இருந்தது. அந்த நீண்ட ஆயுளே காலம் கணிப்பவருக்குத் தொல்லை. 1947இல் 'சூப்பர் ஸ்பீடு', 1958இல் எண் வளையத்தைத் திருகிப் பிளேடின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வகை, 1961இல் அதன் மெலிந்த வடிவம் என்று வரிசை நீள்கிறது.

இருமுனை அல்லாதவையும் கிடைக்கும். தடித்த முதுகுள்ள ஒருமுனை பிளேடுக்கான ஜெம், எவர்-ரெடி ஆகியவை அமெரிக்கப் பிறப்பு. ரோல்ஸ் ரேசர் இலண்டன் கிரிக்கில்வுட்டில் 1927 முதல் உருவானது: தட்டையான உலோகப் பெட்டி, ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல்வார். பிளேடைத் தூக்கி எறியாமல் பெட்டிக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டித் தீட்டிக்கொள்ளலாம். பிளேடு வாங்கக் கடை அருகில் இல்லாத தோட்டத்து பங்களாவுக்கு ஏற்ற கருவி. 1950களின் இறுதியில் நிறுவனத்தின் பெயரைச் சலவை இயந்திர வணிகம் வாங்கிக்கொண்டது; அந்த வணிகமும் 1964இல் சரிந்தது.

எண்ணும் எழுத்தும்

தொடக்க கால ஜில்லெட்டுகளில் வரிசை எண் உண்டு. முதலில் வெறும் எண். பின்னர் எண்ணோடு ஓர் ஆங்கில எழுத்து. பிற்காலத்தில் அந்த வழக்கம் நின்றது. எண் இருந்தால் தொடக்க காலத்தது என்று கொள்ள இடமுண்டு. இல்லாவிட்டால் எதையும் உறுதிசெய்ய முடியாது, ஏனெனில் அந்தத் துண்டே பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம்.

காப்புரிமை எண்களுக்குத் தனிக் கணக்கு. அமெரிக்க வரிசை 1910 தொடக்கத்தில் 945,010, 1920இல் 1,326,899, 1930இல் 1,742,181, 1940இல் 2,185,170. ரேசரில் பல எண்கள் இருந்தால் அவற்றில் பெரியதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மிகப் புதிய காப்புரிமைக்கு முன்னால் அந்தப் பொருள் பிறந்திருக்க முடியாது. பிரிட்டிஷ் காப்புரிமைகள் 1915 வரை ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கின. அதனால் எண்ணோடு ஆண்டும் சேர்த்து எழுதப்படும். 1916இல் 100,001 முதல் தொடர் வரிசை வந்தது. ஆண்டு இல்லாத ஆறு இலக்கப் பிரிட்டிஷ் எண்ணைக் கண்டால் 1916க்கு முன் போக வேண்டியதில்லை. பதிவுசெய்த வடிவமைப்பு எண் என்பது வேறு வரிசை: 1884இல் ஒன்றில் தொடங்கி, 1900இல் மூன்றரை இலட்சத்தைத் தாண்டிய ஒன்று. இரண்டையும் குழப்பினால் கணக்கு பல பத்தாண்டுகள் பிசகும்.

ஜெர்மன் ரேசர்களில் பெரும்பாலும் சோலிங்கன் நகரின் பெயர் இருக்கும். 'டி.ஆர்.பி.' என்பது ஜெர்மன் அரசின் (ரைஹ்) காப்புரிமை, 'டி.ஆர்.ஜி.எம்.' 1891இல் வந்த சிறு கண்டுபிடிப்புப் பதிவு. 'ஆர்' என்ற எழுத்து இரண்டாம் உலகப் போர் முடியும்வரை இருந்த அரசைக் குறிப்பது. போருக்குப்பின் அந்த இடத்தில் கூட்டாட்சியைக் குறிக்கும் 'பி' வந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற முத்திரை 1947 முதல் 1952 வரையிலான ஏற்றுமதிப் பொருள்களுக்கு உரியது. மொத்தக் காலமே ஐந்தாண்டுதான் என்பதால், அந்த முத்திரையளவுக்கு எல்லையைச் சுருக்கித் தரும் சான்று அரிது.

அமெரிக்க அட்டவணையும் ஆங்கிலேய ரேசரும்

ஜில்லெட் சேகரிப்பாளர்கள் அதிகம் நம்புவது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த குறியீட்டை. எழுத்து ஆண்டைக் காட்டும். ஒன்று முதல் நான்கு வரையுள்ள எண் அந்த ஆண்டின் காலாண்டைக் காட்டும். 1951க்கு 'டபிள்யூ', 1955க்கு 'ஏ', 1961க்கு 'ஜி'. இந்த முறை ரேசர்களில் நிலைபெற்றது 1950இன் கடைசியில். பிளேடுகளில் 1930இலிருந்தே உண்டு. எழுத்துகள் 25 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், பிளேடில் 'ஏ' என்றால் 1930ஆ 1955ஆ என்பதை உறையின் அச்சை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மலாயாவில் இந்த அட்டவணையோடு உட்கார்ந்தால் ஏமாற்றமே மிஞ்சக்கூடும். இங்கே கிடைக்கும் ஜில்லெட்டுகளில் 'மேட் இன் இங்கிலாந்து' என்ற பொறிப்பை எதிர்பார்க்கலாம். ஆண்ட நாட்டின் சரக்கு அது. இங்கிலாந்து ஆலையில் செய்தவற்றில் பெரும்பாலும் இந்தக் காலக் குறியீடு இராது. குறியீடு இல்லாததைக் கண்டு 'அப்படியானால் 1950க்கு முந்தியது' என்று முடிவுகட்டுவதுதான் இங்கு நேரும் பெரிய பிழை. அமெரிக்கப் பழக்கத்தை இங்கிலாந்துப் பொருளின் மேல் ஏற்றுவதால் வருவது அது.

இங்கிலாந்து ரேசருக்குப் பெட்டியும் முகவரியும்தான் கைகொடுக்கும். இலண்டனுக்கு மேற்கே ஐசல்வொர்த்தில், கிரேட் வெஸ்ட் ரோட்டில், மணிக்கூண்டோடு கூடிய ஜில்லெட் ஆலை 1937இல் திறக்கப்பட்டது. அந்தச் சாலையின் பெயர் பெட்டியிலோ பிளேடு உறையிலோ இருந்தால் அது 1937க்கு முந்தியதல்ல. ஆனால் பெட்டியின் வயதை ரேசரின் வயதாகக் கொள்ளக் கூடாது. ஜில்லெட் கைப்பிடியின் திருகுமரை தலைமுறை தாண்டியும் பொருந்தும். 1920களின் தலையும் 1950களின் கைப்பிடியும் ஒன்றாகிப் பழைய பெட்டியில் படுத்திருக்கும். தலை, கைப்பிடி, பெட்டி, பிளேடு நான்கையும் தனித்தனியே கணித்துவிட்டுத்தான் அவை ஒரே குடும்பமா என்று கேட்க வேண்டும்.

உலோகம் சொல்வது

ஆரம்ப கால ரேசர்கள் பித்தளை உடல். மேலே நிக்கல், வெள்ளி அல்லது தங்கப் பூச்சு. நிக்கலுக்கு மங்கலான மஞ்சள் சாயல். குரோமியத்துக்கு நீலம் தோய்ந்த பளபளப்பு. குரோமியப் பூச்சு தொழில்முறையில் பரவியது 1920களின் நடுவிலிருந்து. ஆகவே அசல் குரோமியம் இருந்தால் அதற்கு முன் போக முடியாது. 'அசல்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் மறுபூச்சு போட்டு விற்பதும் வழக்கம். பொறித்த எழுத்தின் விளிம்பு மழுங்கி, பள்ளங்களுக்குள்ளும் புதுப் பளபளப்பு தெரிந்தால் சந்தேகப்படலாம்.

காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். பித்தளையில் ஒட்டாது, எஃகில் ஒட்டும். இரண்டாம் உலகப் போரில் பித்தளை தோட்டா உறைகளுக்குப் போனதால் அமெரிக்க ரேசர்களில் எஃகும் பிளாஸ்டிக்கும் நுழைந்தன. அக்கால வடிவம் ஒன்றின் கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் போர்க்கால உற்பத்தியை நினைக்க இடமுண்டு. மலிவு ரேசர்களின் துத்தநாகக் கலவை காலப்போக்கில் விரிசல் விட்டு உதிரும்; பேராக்கின் ஈரக்காற்று அதை விரைவுபடுத்தும்.

பேக்கலைட் 1907இல் கண்டறியப்பட்டது. அதில் செய்த ரேசர்களும் பெட்டிகளும் 1920கள் முதல் 1940கள் வரை மிகுதி. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கினால் மருந்துக்கடை வாடை வரும். செல்லுலாய்டு என்றால் கற்பூர வாடை. பெட்டியில் உள்ள சவர பிரஷ்ஷில் மயிர் 'ரப்பரில் பதித்தது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பதும் உண்டு. மயிரின் அடிக்கட்டைக் கெட்டிப்படுத்திய இரப்பரில் இறுக்கும் முறை அது. பால்மரம் வெட்டியவர் வீட்டுச் சவரப் பெட்டிக்குள் இரப்பர் அந்த உருவிலும் வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த காலம்

கடைக்காரர் ஒட்டிய சீட்டுதான் இரண்டாம் வயதுக்குத் தலையாய சான்று. 'கூட்டு மலாய் மாநிலங்கள்' என்றிருந்தால் 1896 முதல் போர்க்காலம் வரையிலான ஆட்சியமைப்பின் பெயர். 'மலாயா கூட்டரசு' என்றால் 1948க்கும் 1963க்கும் இடையில். 'மலேசியா' என்றால் 1963 செப்டம்பர் 16க்குப் பின். விலையில் டாலர் குறி இருப்பதைக் கண்டு சுதந்திரத்துக்கு முந்தியது என்று நினைக்கக் கூடாது. நாணயத்தின் அதிகாரப் பெயர் ரிங்கிட் ஆனது 1975இல், 'ஆர்.எம்.' என்ற குறி டாலர் குறியின் இடத்துக்கு வந்தது 1993இல்தான்.

மலாய் அச்சும் உதவும். 1972 ஆகஸ்டில் எழுத்துமுறை திருத்தப்பட்டபோது, 'சி', 'எச்' என்ற இரு ரோமன் எழுத்துகளால் எழுதிய ஒலிக்கு 'சி' மட்டுமே போதும் என்றானது. சவரத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'சுக்கூர்' பழைய முறையில் அச்சாகியிருந்தால் அந்த உறை 1972க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊர்ப்பெயர்களுக்கு இந்தச் சோதனை செல்லாது: செமோர் இன்றும் பழைய எழுத்திலேயே இருக்கிறது. சுற்றி வைத்த செய்தித்தாளையும் எறிந்துவிட வேண்டாம். 'தமிழ் நேசன்' 1924இல் தொடங்கி 2019இல் நின்ற பத்திரிகை. தாளில் உள்ள தேதி அந்தப் பெட்டியைக் கட்டிவைத்த நாளுக்கு எல்லை போடும்.

வீட்டு நினைவு என்னும் நாள்காட்டி

புழங்கிய காலத்துக்கு முதன்மைச் சாட்சி மனிதர்கள். தோட்டத்துப் பெரியவர்கள் ஆண்டு சொல்வதில்லை, காலம் சொல்வார்கள். 'ஜப்பான்காரன் காலம்' என்றால் ஈப்போ வீழ்ந்த 1941 டிசம்பர் இறுதியிலிருந்து 1945 செப்டம்பர் வரை. 'கம்யூனிஸ்ட் காலம்' என்றால் 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரையிலான அவசரநிலை. அதற்குத் தீமூட்டிய நிகழ்ச்சி, 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டது, செமோருக்கு அடுத்த சுங்கை சிப்புட்டில்தான் நடந்தது. 'துரைமார் தோட்டத்தை வித்துட்டுப் போனப்போ' என்றால் 1950, 60களில் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட காலமாக இருக்கலாம். இந்தக் குறிப்புகளை ஆண்டுகளாக மாற்றி ரேசரின் அமைப்போடு ஒப்பிடுவதே ஆய்வு. நினைவைச் சிரித்துத் தள்ளுவதும் அப்படியே ஏற்பதும் ஆய்வாகா.

தோட்டத்தின் படிநிலையும் கணக்கில் வர வேண்டும். 1900களின் முதல் பத்தாண்டில் ஐந்து அமெரிக்க டாலருக்கு விற்ற கருவி ஜில்லெட் ரேசர். லயத்து ஆண்களுக்கு நாவிதரின் மடக்குக் கத்தி இருந்தது. தானே சவரம் செய்துகொள்ளும் பழக்கம் மேலிருந்து கீழே இறங்கியது என்று கொள்வது பொருத்தம்: முதலில் துரை எனும் வெள்ளைக்கார மேலாளர், பிறகு கிராணி எனும் எழுத்தர், டிரஸ்ஸர் எனும் மருத்துவ உதவியாளர், ஆசிரியர், அப்புறம் மண்டோர் எனும் மேற்பார்வையாளரும் மற்றவர்களும். ஆகவே 1920களில் செய்த ரேசர் ஒன்று லயத்து வீட்டில் கிடைத்தால், அந்த வீட்டுக்கு அது 1920களில் வந்தது என்று தானாகவே ஆகிவிடாது. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்திருக்கலாம்.

ஒன்றைக் கணித்துப் பார்ப்போம்

செமோர் வீடொன்றில் இப்படி ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேர் விளிம்புள்ள 'டெக்' தலை, இங்கிலாந்தில் செய்தது, குறியீடு இல்லை. தலையில் நிக்கல், கைப்பிடியில் குரோமியம். பேக்கலைட் பெட்டியின் அடியில் 'மலாயா கூட்டரசு' என்று அச்சிட்ட ஈப்போ கடைச் சீட்டு. உள்ளே துருப்பிடிக்காத எஃகு பிளேடின் உறை. வீட்டார் சொல்வது: 'ஜப்பான்காரன் வந்தப்போ துரை விட்டுட்டு ஓடுனது.'

தலை 1938க்கு முந்தியதல்ல. துரைமார் வெளியேறியது 1941 டிசம்பர். இடையில் மூன்றாண்டு சொச்சம் இருப்பதால் வீட்டார் சொல்வது நடக்கக்கூடியதே. பூச்சு வேறுபடுவதால் கைப்பிடி வேறொன்றிலிருந்து வந்திருக்கலாம். கடைச் சீட்டு 1948–63: பெட்டியாவது போருக்குப்பின் விற்பனையானது. துருப்பிடிக்காத எஃகு பிளேடை வில்கின்சன் சுவோர்டு பரவலாக்கியது 1962ஐ ஒட்டி. ஜில்லெட் 1963இல் தொடர்ந்தது. ஆகவே 1960களிலும் யாரோ இதைக்கொண்டு சவரம் செய்திருக்கிறார். முடிவை இப்படி எழுதலாம்: தலை 1938க்குப் பின், கைப்பிடி பிற்சேர்க்கையாக இருக்கலாம், பெட்டி 1948–63, பயன்பாடு குறைந்தது 1962 வரை, துரையின் கதை தலைக்கு மட்டும் பொருந்தக்கூடும், நிறுவப்படவில்லை. சந்தையில் 'போருக்கு முந்திய ஜில்லெட்' என்று ஒரே வரியில் விலைபோயிருக்கும் பொருள் இது.

செய்ய வேண்டியது

துலக்குவதற்கு முன் பதிவு செய்ய வேண்டும். எலுமிச்சை, புளி, பித்தளைப் பாலிஷ் எதையும் தொட வேண்டாம். பூச்சும் சீட்டும் போனால் இரண்டு வயதுகள் போயின. பிளேடு உள்ளே இருந்தால் முதலில் அதைக் கவனமாகக் கழற்றி, உறையோடு தனியே வைக்க வேண்டும். மேல்தகட்டின் அடி, அடித்தகட்டின் இரு பக்கம், கைப்பிடியின் அடி, பெட்டியின் உள்மூடி ஆகிய ஐந்து இடங்களையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். யார் கொடுத்தார், எந்தத் தோட்டம், அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டைச் சொல்லும்போது ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், முன்னெல்லை, பின்னெல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்று சொல்ல வேண்டும்.

இவற்றுள் அவசரமானது கடைசிக்கு முந்தியது. காப்புரிமை எண்ணையும் காலாண்டுக் குறியீட்டையும் பாஸ்டனிலோ இலண்டனிலோ இருப்பவர் இன்னும் நூறு ஆண்டு கழித்தும் சரிபார்த்துக்கொள்வார். செமோர்த் தோட்டத்தில் எந்தக் கிராணி அதை வைத்திருந்தார், யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.